ஆதாம் பெயரிடாத விலங்கு

கொட்டாஞ்சேனை
03.08.1997

அன்புள்ள தங்கச்சி கொன்ஸ்ரன்ஸுக்கு,

ஆதாம் இனிப் புலிக்குப் பெயர் வைக்கமாட்டான். நேற்று மாலைப் பூசைக்குப் பின் கூடிய எமது பங்கின் ஜூபிலி நாடகக் குழு, இரண்டு தடவை தேநீர் அருந்தி, இதை ஏகமனதாகத் தீர்மானித்தது. செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். உலகம் உண்டான நாளிலிருந்து இப்படியொரு தீர்மானம் வேறெந்தப் பங்கிலும் நிறைவேறியதாக நான் அறியவில்லை.

விஷயம் இதுதான். வரும் ஜனவரி மாதம் பங்கின் நூற்றாண்டு விழாவுக்குத் தொடக்கநூலை 'படைப்பு முதல் பாபேல் வரை' என்று நாடகமாக்குகிறோம். வசனம் என்னுடையது. ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிடும் காட்சிக்காகச் சிங்கம், யானை, புலி, மான், மயில் என்று அட்டையில் வெட்டி வர்ணம் தீட்டி வரிசையாக நிறுத்தியிருந்தோம். பொலிஸ் அனுமதிக்காக வசனத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கவேண்டும் என்று வந்தபோதுதான் நடுவில் நிற்கும் மிருகத்தை எல்லோரும் கவனித்தார்கள். மறைக்கல்வி படிப்பிக்கும் மரியகொறற்றி ரீச்சர் மட்டும், "கடவுள் படைச்சதை வெட்டுறதுக்கு நாங்கள் ஆர்?" என்று நின்றார். அந்த இடத்தில் வேதம் எந்த விலங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, ஆகவே இது வேத விரோதமல்ல என்று நான் விளக்கினேன். பங்குச் சுவாமி ஒத்துக்கொண்டார். புலிக்கு வர்ணம் காய்ந்துவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை. யானைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

உன் முழங்கால் வலி எப்படி? எனக்கு ஆண்டவர் கிருபையால் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன் மகன் றேமண்டைப் பற்றி எழுதியிருந்தாய். தாராளமாக அனுப்பு. துறைமுகக் கந்தோரில் முடி நரைத்தவனுக்கு ஒரு கப்பல் கம்பனியில் வேலை எடுத்துக்கொடுக்கத் தெரியாதா? அவன் என் பிள்ளை. இதைப் பற்றி இனி எழுதாதே.

உன்னை மாதாவின் அடைக்கலத்தில் வைக்கும்,
அண்ணன் சவுந்தரநாயகம்


குருநகர்
30.08.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. பிரித்துப் படித்துத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். நன்றாகவே ஒட்டியிருந்தார்கள். உங்கள் சீனி கூடாமல் இருக்க மன்றாடுகிறேன். என் முழங்கால் மழை வந்தால்தான் கதைக்கும்.

புலியைப் பற்றிய தீர்மானம் நல்லது. நாங்கள் இங்கே இரண்டு பக்கத்தையும் பெயர் சொல்லாமலே கதைத்துப் பழகிவிட்டோம். அவங்கள் என்போம், இவங்கள் என்போம். இடையிடையே அவங்கள் இவங்களாக மாறுவதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் சிரமம்.

றேமண்டுக்கு ஊரை விட்டுப் போகப் பாஸ் கிடைத்துவிட்டது. அடுத்த கப்பலில் திருகோணமலைக்கு வந்து அங்கிருந்து பஸ் எடுப்பான். இருபத்திரண்டு வயதுப் பொடியனை இங்கே வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. போன வருஷம் அடுத்த வளவுப் பிள்ளை பாண் வாங்கச் சைக்கிளில் போனான். சைக்கிளும் வரவில்லை.

இவனுடைய தகப்பன் போன பிறகு எனக்கு மிஞ்சியது இவன் ஒருவன். உங்கள் கையில் தருகிறேன். ஆராவது கேட்டால் 'இவன் என்ர மருமகன்' என்று ஒரு சொல் சொல்லுங்கோ. கொழும்பில் தெரிந்த ஒரு பெரிய மனிசர் அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார்களாம். வேலை மெல்ல வரட்டும். அந்தச் சொல்தான் முதலில்.

உங்கள் செபத்தில் எங்களையும் சேர்க்கக் கேட்கும்,
தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ்


வெள்ளவத்தை
02.10.1997

அன்பான அம்மாவுக்கு,

நான் சுகம். கப்பலில் சத்தி எடுத்ததைத் தவிர வேறு கரைச்சல் இல்லை. நீங்களும் சுகமாயிருக்கிறீர்கள்தானே.

மேலே உள்ள முகவரியைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. கொட்டாஞ்சேனையில் ஒரு இரவுதான் தங்கினேன். மாமா வீட்டு மண்டபம் முழுக்கப் பாம்பு. நாடகத்துக்குத் துணியால் தைத்தது. அதைச் சுருட்டினால் செதில் கழன்றுவிடும், அதனால் எனக்குப் படுக்க இடமில்லை என்றார் மாமா. இங்கே பாலேஸ்வரி அன்ரி வீட்டில் ஒரு அறை எடுத்துத் தந்திருக்கிறார். அன்ரி கொக்குவில் ஆள். கணக்கு ரீச்சராக இருந்தவர். சைவம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பதியவேண்டுமாம் என்று, வந்த அடுத்த நாளே என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பொலிசில் பதிந்தார். வெளியே வந்ததும், "வாடகைக்கு இருக்கிறவர் எண்டால் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். என்ர பெறாமகன், அக்காவின்ர பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். ஞாபகம் வச்சிரும்" என்றார். "அன்ரி, உங்களுக்கு றேமண்ட் எண்டு ஒரு பெறாமகனோ?" என்று கேட்டேன். "அவங்களுக்குச் சிவானந்தனும் ஒண்டுதான், றேமண்டும் ஒண்டுதான்" என்றார்.

நாடகத்தில் நான்தான் ஆதாம். கடவுள் முதலில் எந்தப் பாஷையில் கதைத்தவர் என்று சிங்களப் பூசைக்கு வருகிற ஆட்கள் கேட்டார்களாம். சண்டை வரக்கூடாது என்று படைப்பு மட்டும் லத்தீனில் நடக்கிறது. ஆதாமைச் செய்தது எந்த ஊர் மண் என்றும் ஒருவர் கேட்டார். அது அரசியல் என்று விட்டுவிட்டார்கள். பாம்பாக நடிக்கத் தமிழரும் வரவில்லை, சிங்களவரும் வரவில்லை. கடைசியில் ஒரு பறங்கியர் ஒத்துக்கொண்டார். ஒலிபெருக்கி கொண்டுவருகிற மாளிகாவத்தை மர்ஸூக் நானா நேற்று என்னைப் பிடித்து, "ஆதம் நபி எறங்கினது நம்மட நாட்டுலதான் தம்பி. எறங்கின ஒடனே போய்ப் பொலிஸ்ல பதிஞ்சாரா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை.

வசனத்தாளை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கவேண்டும் என்பது மாமாவின் கட்டளை. புலி வருகிற இடத்தை வெட்டி, பக்கத்தில் சிவப்பு மையால் 'புலியை வெளியே காட்டவேண்டாம். யானைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவும். செயலாளர்' என்று எழுதித் தந்திருக்கிறார். பழக்கத்தில் நான் "சிங்கம், யானை, பு..." என்று தொடங்கிவிட்டேன். "டேய், வாயைப் பொத்து! என்னையும் சேத்து அள்ளிக்கொண்டு போகப்போறாங்கள்" என்று கத்தினார்.

வேலையைப் பற்றிக் கேட்டேன். ஜூபிலி முடியட்டும் என்றார்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கோ. முத்தங்களுடன்,
மகன் றேமண்ட்


கொட்டாஞ்சேனை
21.10.1997

அன்புள்ள தங்கச்சி,

ஆண்டவர் கிருபையால் நலம். கோட்டையில் குண்டு வெடித்தபோது எமது வீட்டு யன்னல் கண்ணாடிகள் ஆடின, உடையவில்லை. நீ பயந்திருப்பாய் என்று எழுதுகிறேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் பிந்தியிருக்கும்.

றேமண்டை வெள்ளவத்தையில் வைத்தது நன்கு யோசித்த பிறகுதான். கடற்காற்று நல்லது. பதிவு போன்ற அலுவல்களை வீட்டுக்காரரே பார்ப்பதும் வசதி. இங்கே என் வீட்டில் பதிந்தால், நாளைக்கு ஒன்றென்றால் பங்கின் செயலாளர் வீடு என்றல்லவா எழுதுவார்கள்?

நாடகத்தில் சில திருத்தங்கள். ஏதேன் வாசலில் நிற்கும் கெருபுகளின் சுடர்வாளைப் பொலிசார் அனுமதிக்கவில்லை. அது ஆயுதமாம். இப்போது இரண்டு சம்மனசுகளும் அடையாள அட்டை கேட்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சனங்களுக்கு இன்னும் சுலபமாக விளங்கும் என்று சுவாமி மகிழ்ந்தார்.

காயின், ஆபேல் காட்சியை முழுவதுமாக எடுத்துவிட்டோம். 'உன் சகோதரன் எங்கே?' என்று கடவுள் கேட்பது சோதனைச் சாவடிக் கேள்வியைப்போல் ஒலிக்கிறது. 'நான் என்ன அவனுக்குக் காவலாளியோ?' என்ற காயினின் பதிலும் இந்த நாளில் எல்லோர் வாயிலும் வருவதால் அதில் நாடகச் சுவை இல்லை. ஏதேனை விட்டதும் நேரே வெள்ளப்பெருக்குக்குப் போய்விடுகிறோம். பதினைந்து நிமிஷம் மிச்சம்.

சொல்ல மறந்தேன். கடவுளின் குரல் நான். திரைக்குப் பின்னால் நின்று பேசவேண்டும்.

உனக்காகச் செபமாலை சொல்லும்,
அண்ணன்


வெள்ளவத்தை
12.11.1997

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நாம் இருவரும் சந்தித்ததில்லை. உங்கள் மகன் வாயால் உங்களை எனக்குத் தெரியும். சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கடிதத்தை இருந்துகொண்டு படியுங்கோ.

சனிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். பதிவுத் துண்டைக் காட்டினேன். சரி என்று திருப்பித் தந்துவிட்டார்கள். போகிற போக்கில் ஒருவர் றேமண்டின் சட்டைப் பையில் இருந்த தாளை இழுத்து விரித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லை மட்டும் பார்த்தவுடன் அடையாளம் காண அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் வெட்டப்பட்டிருந்தது, சிவப்பு மையில் திரும்பவும் இருந்தது. "மே மொகத்த? கொட்டியாத?" என்றார். இது என்ன, புலியா என்று. "நாடகம் சேர், சேர்ச் நாடகம்" என்றான் றேமண்ட். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மிச்சத்தையும் வாசிப்பித்தார்கள். புலியை ஒளித்து வைக்கவும் என்பதைவிட யானைக்குப் பின்னால் என்பதுதான் அவர்களை உலுப்பிவிட்டது. யானை எதிர்க்கட்சியின் சின்னம் அல்லவா? "அலியா கவுத?" யானை யார், யானை யார் என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏற்றினார்கள்.

நானும் பின்னால் ஓட்டோவில் போனேன். பொறுப்பதிகாரி நிதானமானவர். "எழுதின மனுசன் வந்து, இது என் எழுத்து, இது நாடகம் என்று சொன்னால் இன்றைக்கே விடுகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். அங்கிருந்தே உங்கள் அண்ணருக்கு ரெலிபோன் எடுத்தேன். "நான் பாக்கிறன், நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்றார்.

இன்று புதன்கிழமை. நான் நாள்தோறும் சாப்பாடு கொண்டுபோகிறேன். உங்கள் அண்ணர் இன்னும் வரவில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் வருவார் என்று நினைக்கிறேன்.

தெய்வம் உங்களுக்குத் தைரியம் தரட்டும்.
பாலேஸ்வரி


கொட்டாஞ்சேனை
18.11.1997

அன்புள்ள தங்கச்சி,

குளிர் தொடங்கிவிட்டது, முழங்காலைக் கவனி. நான் நலம். சீனி மட்டும் சற்று ஏறியிருக்கிறது.

ஆதாம் பாத்திரத்தில் ஒரு மாற்றம். ஏவாளாக நடிக்கும் ஐறீனின் கணவரே ஆதாமாகிறார். வங்கியில் வேலை. வயது நாற்பதுக்கு மேல். விலக்கப்பட்ட கனிக்கு முன்பே நிறையச் சாப்பிட்டவர்போல் வயிறு. ஆனால் உண்மையான தம்பதியர் என்பதால் ஒழுக்கம் சம்பந்தமாக இனி ஆரும் கேள்வி எழுப்பமுடியாது.

றேமண்ட் ஒரு சிறு விசாரணையில் இருப்பதை நீ கேள்விப்பட்டிருப்பாய். இப்படியான விஷயங்களை அடிமட்டத்தில் கதைத்துக் கெடுக்கக்கூடாது. மேல்மட்டத்தில் கதைக்கவேண்டும். சுவாமிக்கு ஒரு மந்திரியின் செயலாளரைத் தெரியும், நல்ல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் செய்யவேண்டியதை நான் செய்யாமல் விடவில்லை. மற்ற நடிகர்களிடம் இருந்த வசனத்தாள்களை எல்லாம் அன்றிரவே சேர்த்து எரித்துவிட்டேன். அட்டைப் புலியும் போய்விட்டது. மரியகொறற்றி ரீச்சர் தானே பொலிசுக்குப் போவதாக வெளிக்கிட்டார். றேமண்ட் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சொல்லித்தான் அவரை அடக்கவேண்டியிருந்தது. நல்ல மனிசி, ஆனால் நிதானம் இல்லை.

பொறுமையுடன் இரு.
அண்ணன்


குருநகர்
03.12.1997

அண்ணாவுக்கு,

நீங்கள் சுகம் என்று பாலேஸ்வரி ரீச்சர் எழுதியிருக்கிறா. தினமும் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கிறாவாம். நானும் சுகம்.

மந்திரியின் செயலாளர் வேண்டாம். நல்ல நாளும் வேண்டாம். போய், 'இது என்ர எழுத்து, இவன் என்ர மருமகன்' என்று சொல்லுங்கோ. நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். நீங்கள் வேதத்தையே வசனமாக எழுதுகிற ஆள், உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

நானும் பாஸுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
19.12.1997

அன்புள்ள தங்கச்சி,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். உன் கடிதத்தின் தொனி என்னைப் புண்படுத்தியது. தாய் மனம் என்று பொறுத்துக்கொண்டேன்.

நீ கேட்டபடி நேரிலேயே போனேன். மரியாதையாகக் கதிரை தந்தார்கள். அந்தத் தாளைக் காட்டி எழுத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கேள்விக்குத் தகுந்த பதிலைச் சொன்னேன். அனுமதி பெற்ற பிரதியில் புலி என்ற சொல்லே இல்லை என்பதையும், ஆகவே எமது நாடகத்துக்கும் புலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதையும் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஜூபிலிக்கு இனி எந்தத் தடையும் வராது என்று உறுதி தந்தார்.

றேமண்ட் பார்வைக்கு நன்றாக இருக்கிறான்.

நேற்று முழு ஒத்திகை. என் குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கிறதாம்.

பாலன் இயேசு உன் மனதைச் சாந்தப்படுத்துவாராக.
அண்ணன்


வெள்ளவத்தை
12.01.1998

அண்ணாவுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்து எழுதுகிறேன். புதுவருஷத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தேன். பாலேஸ்வரி ரீச்சர் வீட்டில் நிற்கிறேன். எனக்காக மீன் காய்ச்சத் தனியாக ஒரு சட்டி வாங்கி வைத்திருக்கிறா. நீங்கள் சுகமாயிருப்பதை நேரில் பார்த்தேன், அதனால் கேட்கவில்லை.

றேமண்டைப் பார்க்க விட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் மடங்குதில்லை. கேட்டேன். "கதவுக்குள்ள அம்பிட்டது அம்மா" என்றான். நீங்கள் வந்ததைக் கேட்டேன். "மாமாவைக் கண்டவுடன நான் எழும்பி நிண்டனான். தாளைக் காட்டிச்சினம். என்ர எழுத்தில்லை எண்டார். இவரைத் தெரியுமோ எண்டு கேட்டிச்சினம். கோயிலுக்கு வாற பொடியன், பேர் ஞாபகமில்லை எண்டார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சீனி கூடிவிட்டதோ என்று கேட்டான்.

சனிக்கிழமை நாடகத்துக்கு வந்தேன். கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். உங்கள் குரல் அங்கேயும் கேட்டது. 'ஆதாமே, நீ எங்கே இருக்கிறாய்?' என்று நீங்கள் கேட்டபோது பக்கத்தில் இருந்த மனிசி கண்ணைத் துடைத்தா. பதில் எனக்குத் தெரியும். எழும்பிச் சொல்லியிருந்தால் நாடகம் குழம்பியிருக்கும். நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விழா.

இடைவேளையில் மரியகொறற்றி ரீச்சர் என்னிடம் வந்து, "நீங்கள் றேமண்டின்ர அம்மாவோ? மகன் வெளியில வந்தது எவ்வளவு சந்தோஷம்" என்று கையைப் பிடித்தா. நான் அவவிடம் உண்மையைச் சொன்னேன். அடுத்த நாளே அவ பொலிசுக்குப் போனா. எழுதினவர் தன் எழுத்தில்லை என்று வாக்குமூலம் தந்துவிட்டார், இனி வேறு ஆர் வந்தும் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

தடுப்புக்காவல் உத்தரவு வந்துவிட்டது. தெற்கே ஒரு சிறைக்கு மாற்றுகிறார்கள். எனக்குப் பாஸ் முடிகிறது, அடுத்த கப்பலில் திரும்பவேண்டும்.

கொன்ஸ்ரன்ஸ்


கொட்டாஞ்சேனை
20.01.1998

அன்புள்ள தங்கச்சி,

கொழும்புக்கு வந்தும் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காமல் தபாலில் கதைப்பது எமது குடும்பத்தில் இல்லாத வழக்கம். என் மனம் எவ்வளவு நோகும் என்று நீ யோசிக்கவில்லை. முழங்காலோடு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், அதை நினைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

சில சொற்களை அந்தந்த இடத்தில் வைத்துத்தான் விளங்கிக்கொள்ளவேண்டும். நான் அன்று ஆம் என்றிருந்தால் என்னோடு சுவாமி, மரியகொறற்றி ரீச்சர், பறங்கியர் வரை எத்தனை பேரை இழுத்திருப்பார்கள்? ஒருவனுக்காக ஒரு பங்கையே குலைக்கமுடியுமா? இதை நீ நிதானமாக யோசிக்கும் நாள் வரும்.

நாடகத்துக்கு மிகுந்த பாராட்டு. தவக்காலத்துக்கு முன் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

எப்படியோ, ஜூபிலி முடிந்துவிட்டது. இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. றேமண்டை நானே போய்ப் பார்க்கப்போகிறேன். எதையும் நேரில் கதைத்தால் அவனுக்கு விளங்கும், நல்ல பிள்ளை. எந்த நாளில் பார்க்க விடுகிறார்கள் என்று மட்டும் எழுது. சவர்க்காரமும் பனடோலும் ஒரு புதிய ஏற்பாடும் வாங்கி வைத்திருக்கிறேன். கப்பல் கம்பனியிலும் ஒருவரோடு கதைத்துவிட்டேன். சித்திரை வரை அவனுக்கு இடத்தை வைத்திருப்பார்கள்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்


வெள்ளவத்தை
27.01.1998

மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கச்சிக்கு நீங்கள் எழுதிய கடிதம் அவர் கப்பலுக்குப் போன பிறகுதான் இங்கே வந்தது. அவருடைய சொற்படி பிரித்து வாசித்தேன். குருநகருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட விபரம். பார்க்க விடுவது சனிக்கிழமைகளில். கொழும்பிலிருந்து ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அந்தப் பெயரைத் தாய் கொடுக்கவேண்டும், கொடுத்த பிறகு மாற்றமுடியாது. அவர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பாலேஸ்வரி